பாம்புக்கடிக்கு முன்பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்

அந்தியூர், பவானி, கோபி பக்கம் தோட்டத்துச் சாளைகளில் குடியிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. மும்முனை கரண்ட் ராத்திரியில்தான் வந்தது. மஞ்சளுக்குத் தண்ணீர் மாற்றிவிடப் போனவர் வரப்பில் மிதித்துவிட்டார். 108க்குப் போன் போட்டோம். அது வருவதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு தனியார் ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டார்.

“ஜிஎச்சுல இந்நேரத்துக்கு டாக்டர் இருக்க மாட்டாருங்க. நமக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்குதுங்க, நேரா உள்ள போயிறலாம்” என்றார் டிரைவர். அரசு மருத்துவமனை வாசலைத் தாண்டியே வண்டி போனது. ஆள் கொண்டுபோய் விட்டால் கமிஷன் உண்டு என்று பின்னால்தான் ஊரில் சொன்னார்கள்.

அங்கே முதலில் கேட்டது 30,000 ரூபாய் முன்பணம். கட்டிய பிறகு ஐசியூ, டிரிப்ஸ், தலைக்கு ஒரு ஸ்கேன். விஷமுறிவு மருந்து போட்டாச்சா என்று கேட்டபோதெல்லாம் “போயிட்டிருக்குதுங்க” என்றார்கள். விடியற்காலையில் கூப்பிட்டு, “கிட்னி அடி வாங்கிருச்சு, கோயமுத்தூர் கொண்டு போயிருங்க” என்றார்கள். கையில் கொடுத்த சீட்டை வண்டியில் பிரித்துப் பார்த்தால், விஷமுறிவு மருந்துக்கு நேரே வெறும் கோடு. ஒரு குப்பிகூட ஏற்றவில்லை. பில்லில் மட்டும் வென்டிலேட்டர் வாடகை இருந்தது. அவருக்கு வென்டிலேட்டர் வைக்கவே இல்லை.

கோவை அரசு மருத்துவமனையில் நர்ஸ் அம்மா கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்தார். 20 நிமிடம் கழித்துச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர் போல ஓடியது. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம், சுத்தமான ஒரு கண்ணாடிக் குழாய் போதும். அதைக்கூடச் செய்யாமல் ஸ்கேனுக்குப் பணம் வாங்கியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உடனே 10 குப்பி ஏற்றினார்கள், ஒரு பைசா கேட்கவில்லை. சித்தப்பா பிழைத்துக்கொண்டார். டயாலிசிஸ் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

எந்த ஆஸ்பத்திரியானாலும் பணத்தை எடுக்கும் முன், “விஷமுறிவு மருந்து கையிருப்பு இருக்கா, இப்பவே போடுவீங்களா?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அங்கே நிற்காதீர்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பை அடித்துத் தூக்கி வர நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கடிவாயைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடவே கூடாது. கை காலை அசைக்காமல் வைத்துக் கூட்டிப் போங்கள். அப்புறம், சாளைகளுக்குக் கதவு எண் சொல்லி வண்டி வராது. 108க்குப் பேசியதும் ஒருவர் பைக்கில் போய்த் தார்ரோட்டில் டார்ச் அடித்து நிற்கட்டும்.

நாங்கள் கேஸ் ஷீட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் புகார் போயிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் வரை அவகாசம் உண்டு. இதேபோல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் பில்லையும் ரெஃபரல் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் கையில் இருப்பதும் அந்த இரண்டு தாள்தான்.