தோளுக்கும் இடுப்புக்கும்: கர்லாக்கட்டையா, ரப்பர் பேண்டா?

இரண்டு வருஷமாக இரண்டும் வீட்டில் இருக்கின்றன. ஷட்டில் ஆடப்போய் வலது தோளில் வலி பிடித்தது. ஸ்மாஷுக்குக் கையைத் தூக்கினாலே சுரீர் என்று இழுக்கும். பிசியோ சிகிச்சையில் வலி அடங்கியதும், திரும்ப வராமலிருக்க ஒரு சிவப்பு பேண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். தாத்தா சுற்றிய இரண்டு கிலோ கர்லாக்கட்டை ஜோடி பரணில் கிடந்தது. அதையும் இறக்கினேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால், பேண்டைத்தான் சொல்வேன்.

விலை, இடம் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. பேண்ட் சட்டைப்பையில் அடங்கும். கட்டை சுற்ற நாலு பக்கமும் காலியிடம் வேண்டும். என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: பாரம் எந்தத் திசையில் இழுக்கிறது என்பது.

தோள் மூட்டில் பந்து பெரிது, அது உட்காரும் கிண்ணம் ஆழமில்லாதது. கை இத்தனை பக்கம் சுழல்வதும் அதனால்தான், எளிதில் நழுவுவதும் அதனால்தான். அந்தப் பந்தைக் கிண்ணத்தின் நடுவில் பிடித்துவைப்பவை ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு சிறு தசைகள். ஸ்மாஷ் அடிக்கும்போதும் பந்து வீசும்போதும் கையை உள்பக்கமாகச் சுழற்றுகிறோம். அந்த வேலையைச் செய்யும் பெரிய தசைகள் ஆட ஆட வலுத்துக்கொண்டே போகும். அடித்து முடித்த கையைப் பிடித்து நிறுத்துகிற, வெளிப்பக்கம் திருப்புகிற தசைகள் பின்தங்கிவிடும். என் தோளில் பலவீனமாக இருந்தவை அவைதான்.

முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல வெளியே திருப்பிப் பாருங்கள். அந்தத் தசைகளுக்கான அசைவு இதுதான். இப்போது கையில் கட்டையோ டம்பெல்லோ இருந்தால் அதன் எடை தரையைப் பார்த்து இழுக்கும், நீங்கள் திருப்புவதோ பக்கவாட்டில். எடையைத் தாங்குவது முழங்கையை மடக்கும் தசை. வலுப்படவேண்டிய தசைக்கு வேலையே இல்லை. ஜிம்மில் நின்றபடி டம்பெல்லை இப்படித் திருப்புகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது, போய்ச் சொல்லிவிடுவேன்: ஒருக்களித்துப் படுத்துச் செய்தால் சரியாகிவிடும். பேண்டுக்கு அந்தச் சிரமமும் இல்லை. ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டினால், இழுப்பு சரியாகப் பக்கவாட்டில் வரும்.

இடுப்புக்கு வந்தால் பேண்டின் பக்கம் இன்னும் பலமாகிறது. அங்கே கிண்ணம் ஆழமானது, நழுவுமோ என்ற பயம் குறைவு. ஒற்றைக் காலில் பாய்ந்து இறங்கும்போது இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் பிடிப்பதுதான் அங்கே சவால். பிடிப்பது பிட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ். அது தளர்ந்தால் முட்டி உள்ளே சாயலாம். முட்டிக்குச் சற்று மேலே லூப் பேண்டை மாட்டி, பாதி உட்கார்ந்தாற்போல் பக்கவாட்டில் பத்து அடி போய்த் திரும்புங்கள், எங்கே எரிகிறது என்று தெரியும். கர்லாவில் இதற்கு ஈடாக நான் எதையும் கண்டதில்லை. பஸ்கி தொடையை வலுவாக்கும், ஆனால் இந்தத் தசையிடம் இவ்வளவு வேலை வாங்காது.

(தொடையின் உள்பக்கத்துக்கு இரண்டும் வேண்டாம். மேல்காலை ஒரு துணை தாங்கிக்கொள்ள, பக்கவாட்டில் படுத்து உடம்பைத் தூக்கும் கோபன்ஹேகன் பயிற்சி போதும். நார்வேயின் கால்பந்து வீரர்களிடம் அதைச் செய்யவைத்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், கவட்டுத் தொல்லைகள் 41 சதவீதம் குறைவாக இருந்தன.)

கர்லாவின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. சுழன்று கீழே வரும்போது கட்டை கையைத் தோளிலிருந்து பிடுங்குவதுபோல இழுக்கும். வேகத்தோடு வரும் அந்த இழுப்புக்கு எதிராக மூட்டைக் கவ்விப்பிடிக்கும் பழக்கத்தைப் பேண்ட் தராது. முதுகுக்குப் பின்னால் போய்வரும் சுற்றில் தோளின் விறைப்பும் விட்டுப்போகிறது. இங்கே பார்த்துக் கற்றுக்கொண்ட ஆங்கிலேயர்கள் தங்கள் படைக்கே இதைப் பயிற்சியாக்கினார்கள். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுற்றுவது ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு போட்டியாகவே நடந்தது. எனக்கு ஆசான் யாரும் இல்லை, அடிப்படைச் சுற்றுகளைத் தாண்டியதில்லை. முறையாகக் கற்று எட்டுக் கிலோ சுற்றுகிறவர் என் தீர்ப்பை மறுத்தால், அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்பேன்.

பராமரிப்பில் பேண்ட் தோற்கிறது. தாத்தாவின் கட்டைக்கு எண்ணெய் தடவினால் போதும். என் முதல் பேண்ட் வெயில்படும் ஜன்னலில் தொங்கியே காய்ந்து, ஒருநாள் இழுக்கும்போது அறுந்து கன்னத்தில் அடித்தது. கண்ணில் பட்டிருந்தால் என்னவாகியிருக்கும்! இப்போது முடிந்ததும் அவிழ்த்து அலமாரியில் வைக்கிறேன், வாரம் ஒருமுறை இழுத்துப்பிடித்து வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறேன். முடிச்சு போடும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும்.