மூன்று சாரல் காலம், பதினான்கு தொட்டிகள், ஒரு மஞ்சள் அட்டை

செங்கோட்டையில் ஜூன் மாதம் சாரல் பிடித்தால் ஆகஸ்ட் வரை கொடியில் போட்ட துணி ஒழுங்காகக் காயாது. தொட்டி மண்ணும் அப்படித்தான். மாடியில் பதினான்கு தொட்டிகள் வைத்திருக்கிறேன். ஒன்பதில் அமரில்லிஸ், மீதியில் ரெயின் லில்லியும் நிலச்சம்பங்கியும். அமரில்லிஸ் கிழங்கெல்லாம் பக்கத்து வீட்டுச் சேச்சி புனலூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தண்ணீர் ஊற்றினாலே தொட்டியிலிருந்து கறுப்பாகக் குட்டி ஈக்கள் கிளம்ப ஆரம்பித்தன. எள்ளளவுதான் இருக்கும், கொசு மாதிரி மெலிந்த கால். பழ ஈ என்று நினைத்துக் கிண்ணத்தில் வினிகர் வைத்தேன், பயனில்லை. பழ ஈ பழத்தைத் தேடிப் போகும். இது மண்ணை விட்டு அதிக தூரம் போகாது. பறப்பதைவிட மண்மேல் ஓடுவதுதான் அதிகம். காளான் வளர்ப்பவர்கள் சியாரிட் ஈ என்பார்களே, அந்த வகை. கடிக்காது.

அப்புறம் மஞ்சள் ஒட்டும் அட்டை வாங்கினேன். முதல் வாரமே அட்டை கறுத்துப் போனது, சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஈ குறையவில்லை. ஒட்டுவது வளர்ந்த ஈ மட்டும்தான். ஒரு பெண் ஈ நூறு முட்டைக்கு மேல் இட்டுவிடும். முட்டையிலிருந்து ஈயாக மூன்று, நான்கு வாரம் போதும். அட்டையைத் திறந்த இடத்தில் நட்டு வைத்ததில் ஒருநாள் பல்லிக்குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டது. சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு காலாக விடுவிக்க அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து அட்டையைச் சின்னத் துண்டாக வெட்டி, கம்பிவலைக் கூண்டுக்குள் மண்ணை ஒட்டினாற்போல் வைக்கிறேன்.

விஷயம் புரிந்தது உருளைக்கிழங்கால்தான். ஒரு வில்லையை வெட்டி ஈர மண்மேல் கவிழ்த்து வைத்து, மூன்றாம் நாள் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வெள்ளைப் புழுக்கள், தலை மட்டும் பளபளக்கும் கறுப்பு. ஒரே வில்லையில் பதினொன்று. இவை மேல்மண்ணில் ஒன்றிரண்டு அங்குலத்துக்குள்தான் இருக்கும். பூஞ்சையையும் மக்கும் பொருளையும் தின்னும், கூடவே இளவேரையும் கடிக்கும். நான் தென்னைநார்த் தூளும் மண்புழு உரமும் தாராளமாகக் கலந்து, மேலே கடலைப்புண்ணாக்குக் கரைசலும் ஊற்றி, அவற்றுக்கு விருந்து வைத்திருந்தேன்.

பி.டி. பொடி, அதாவது புழுவைக் கொல்லும் ஒருவகை பாக்டீரியாப் பொடி, நல்லது என்றார்கள். கடையில் கொடுத்ததைக் கரைத்து ஊற்றினேன், அசைவே இல்லை. பாக்கெட்டைப் படித்தால் அது இலை தின்னும் புழுவுக்கான குர்ஸ்தாகி ரகம். இந்த ஈப்புழுவுக்கு வேண்டியது கொசுப்புழுவுக்குப் போடும் இஸ்ரேலென்சிஸ். அதை வாங்கி, வாரம் ஒருமுறை மூன்று தடவை ஊற்றிய பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது. முட்டையை அது ஒன்றும் செய்யாது, அதனால் ஒரு தடவையோடு நிறுத்தினால் பலனில்லை.

ஆனால் நிலையாகக் கைகொடுத்தது மண்ணைக் காயவிட்டதுதான். அமரில்லிஸ் கிழங்கே ஒரு தண்ணீர்க்குடம், மேல்மண் காய்ந்தால் வாடாது. இப்போது விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, ஈரமில்லை என்றால் மட்டுமே தண்ணீர். மண் கலவையில் பாதி ஆற்று மணல். கிழங்கின் கழுத்து வெளியே தெரிய நட்டு, மேலே ஓர் அங்குலம் பருமணல். சாரல் காலத்தில் தொட்டிகளைச் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடுவேன். ரெயின் லில்லிக்கு மட்டும் தட்டில் தண்ணீர். அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

முதல் வருஷம் ஒரு கிழங்கு போயிற்று. தோண்டினால் அடிப்பகுதி கூழாகி, உள்ளே புழு நெளிந்தது. புழுதான் கொன்றது என்று அழாத குறை. "அழுகின கெழங்கைத் தேடித்தாம்மா புழு வரும், தண்ணிய கொற" என்றார் நர்சரிக்காரர். மற்ற எட்டையும் வெளியே எடுத்து, அழுகிய வேரை நறுக்கி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, புது மண்ணில் வைத்தேன். எட்டும் பிழைத்தன.

மஞ்சள் அட்டையை இன்னும் விடவில்லை. வாரம் ஒருமுறை எண்ணிப் பார்க்க அதைவிட எளிய வழி கிடையாது. இந்தச் சாரலில் ஒரு துண்டுக்கு வாரம் நான்கு, ஐந்து ஈ. பத்தைத் தாண்டினால் மறுபடி பொடி கரைப்பேன். ஒன்பதாவது தொட்டியில் சேச்சி கொடுத்த புதுக் கிழங்கு இப்போது இலை விட்டிருக்கிறது.