ஐகான் 1.6, பின்கண்ணாடியில் ஒரு கிளப் ஸ்டிக்கர்: 11 வருட அனுபவம்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2004 மாடல் ஃபோர்டு ஐகான், இரண்டு தடவை எஃப்.சி. காட்டியாகிவிட்டது, இன்னும் என்னிடம்தான் ஓடுகிறது. இதிலிருக்கும் 1.6 லிட்டர் ரோகேம் பெட்ரோல் எஞ்சினைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது கியரில் மிதித்தால் இப்போதும் சிரிப்பு வரும், பெட்ரோலையும் அதே வேகத்தில் குடிக்கும், சென்னைக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் அன்று நல்ல நாள். நான் எழுத வந்தது பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஐகான் ஓனர்கள் கிளப் ஸ்டிக்கரைப் பற்றி.

உள்ளங்கை அகலம்தான். ஒட்டிய முதல் வாரமே கத்திப்பாரா மேம்பாலத்தில் பின்னாலிருந்து ஒரு சிவப்பு ஐகான் இரண்டு முறை லைட் அடித்தது. நம் ஊரில் லைட் அடித்தால் ஒதுங்கு என்றுதானே அர்த்தம், நானும் ஒதுங்கி, மனதுக்குள் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், கிளப் வாட்ஸ்அப் குழுவில் என் காரின் படம். கீழே ஒரே வரி: "சார், இடது பிரேக் லைட் எரியலை, பாருங்க."

அப்புறம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஞாயிறு காலை ஈசிஆரில் ஒரு கையசைப்பு, ஓஎம்ஆர் சிக்னலில் ஒரு சின்ன ஹாரன். மறைமலை நகரில் பிறந்த வண்டி, ஒருகாலத்தில் வாரத்துக்கு இரண்டு வண்டியாவது கண்ணில் படும். 2021-ல் ஃபோர்டு இங்கே கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்த பிறகு, கண்ணாடியை இறக்கினால் வணக்கத்துக்கு முன்னாடியே "சஸ்பென்ஷன் புஷ் எங்க வாங்கினீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். என் மெக்கானிக்கே அப்படி ஒரு சிக்னலில் கிடைத்தவர்தான்.

குறை இல்லாமல் இல்லை. நம்பர் பிளேட்டை மறைக்காமல் படம் போடுகிறார்கள். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு மகாபலிபுரம் போன அன்று வசமாக மாட்டினேன், குழுவில் என் மேனேஜரின் தம்பியும் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? ஸ்டிக்கரும் இரண்டு வெயிலுக்கு மேல் தாங்காது. ஒட்டுவதாக இருந்தால் வெளிப்பக்கம் ஒட்டுங்கள், உள்ளே ஒட்டி உரித்தால் கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் டிஃபாகர் கோடும் கூடவே வந்துவிடும்.

போன மாதம் டெயில் லேம்ப் தேடி, பழைய வண்டிகளைப் பிரித்து பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த பின்கண்ணாடி ஒன்றில் பாதி உரிந்த எங்கள் ஸ்டிக்கர். பழக்க தோஷத்தில் போனை எடுத்துவிட்டேன், குழுவில் போட மனசு வரவில்லை. அதே வண்டியின் டெயில் லேம்ப் உள்ளே இருந்தது. 900 ரூபாய் என்றார் கடைக்காரர். பேரம் பேசாமல் வாங்கி வந்து மாட்டினேன்.