பழைய சுவிட்சுக்குள் நுழைய: பிரவுசரா, எஸ்எஸ்ஹெச்சா, கன்சோல் கேபிளா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. கொழுந்து வாட்டும் மாடிக்குக் கீழே பதினைந்து வருஷத்து நெட்வொர்க் சுவிட்ச் (கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) ஒன்று இன்னும் ஓடுகிறது. கொழுந்து எடை போடும் கம்ப்யூட்டரைத் தனி விலேனுக்கு (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) மாற்ற வேண்டும். மாற்றுவது ரெண்டு நிமிஷ வேலை, உள்ளே போவதுதான் பெரும்பாடு.

பிரவுசரில் முகவரி அடித்தால் புது குரோம் கையை விரித்துவிடும். இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகள்தான் இந்தச் சுவிட்சுக்குத் தெரியும்; அந்த 1.0, 1.1 இரண்டையும் 2020-இல் பிரவுசர்கள் கைவிட்டன. அதைத் தாண்டினாலும் பக்கம் ஜாவா ஆப்லெட் (பிரவுசருக்குள் ஓடும் பழைய வகைக் குட்டி மென்பொருள்) கேட்கும். குரோம் அதை 2015-லேயே நிறுத்திவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல். பழைய விண்டோஸையும் பழைய ஜாவாவையும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) போட்டு, இன்டர்நெட் இல்லாமல் வைத்துக்கொண்டால் வேலை நடக்கும். ஒரு போர்ட்டை மாற்ற இவ்வளவு சுமை எதற்கு?

எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாக மறையாக்கத்தோடு கட்டளை அடிக்கும் வழி) இதைவிட மேல். ஆனால் அதற்கான மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் 7.0 முதல், சாவி பரிமாறும் பழைய முறையான டிஃபி ஹெல்மன் குரூப் 1 தானாக வேலை செய்யாது, 2021-இல் வந்த 8.8 முதல் பழைய ஷா-1 டிஜிட்டல் கையொப்பமும் அப்படித்தான். இரண்டையும் கான்ஃபிக் ஃபைலில் அந்த ஒரு ஐபிக்கு மட்டும் திறந்துவிடுங்கள், எல்லாவற்றுக்கும் வேண்டாம். சுவிட்சின் சாவி 512 பிட் என்றால் இந்த வழியும் அடைபட்டுவிடும். மறையாக்கம் இல்லாத பழைய வழியான டெல்நெட்டில் பாஸ்வேர்ட் அப்படியே வெளியே தெரியும். லேப்டாப்பை நேராகச் செருகியிருந்தால் மட்டும் தொடுவேன்.

என் கை முதலில் போவது லேப்டாப்பைச் சுவிட்சின் கன்சோல் போர்ட்டில் நேராக இணைக்கும் கன்சோல் கேபிளுக்குத்தான். ஐபி தெரிய வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பிறகு போனால் போர்ட்டின் உலோகப் பற்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சுவிட்சை அணைத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துணி நனைத்து மெல்லத் துடைத்து, காய்ந்த பிறகு செருக வேண்டும். லேப்டாப்பில் கட்டளை அடிக்கும் புட்டி (PuTTY) மென்பொருளில் வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம். எழுத்து குப்பையாக வந்தால் 38400, 115200 என்று மாற்றிப் பாருங்கள். உள்ளே போனதும் எதையும் தொடாமல் முழு கான்ஃபிகரேஷனையும் திரையில் ஓடவிட்டு லாகில் சேமித்துவிடுவேன். பெட்டி செத்தால் மிஞ்சுவது அதுதான்.

ஒரே குறை, நேரில் போக வேண்டும். மலைப்பாதையில் மண் சரிந்த நாளில் அது நடக்காது. அதனால் அந்த ஃபேக்டரியில் கன்சோல் போர்ட்டிலேயே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரைச் செருகி வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து விபிஎன் (மறையாக்கப்பட்ட தனிப் பாதை) வழியாகக் குட்டிக் கம்ப்யூட்டருக்குப் புது எஸ்எஸ்ஹெச், அதிலிருந்து சுவிட்சுக்குக் கன்சோல் கேபிளின் பழைய சீரியல் இணைப்பு. சுவிட்சின் வெப் பக்கத்தையும் டெல்நெட்டையும் அன்றைக்கே மூடிவிட்டேன்.