மலை லோடு பிக்கப்பில் பின்பட்டை மாற்றி மூன்று வருடம் ஓட்டிய அனுபவம்

என் பிக்கப்பின் பின்பக்கப் பட்டைக் கட்டு (வண்டியின் எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) இரண்டையும் மாற்றி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு எருவும் உர மூட்டையும் ஏற்றிப் போய், இறங்கும்போது கேரட் ஏற்றி வரும் வண்டி இது. மாற்றிய வாரத்திலேயே அனுபவம் எழுதியிருக்கலாம். ஆனால் புதுப்பட்டை முதல் சில மாதம் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். மழைக்காலங்களைத் தாண்டி, முழு லோடில் மலை இறங்கி இறங்கி, அது எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வதுதான் உபயோகம்.

மாற்றுவதற்கு முன்னால் வண்டி லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. காலியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்து தெரியும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைக்குள் ஏற்றினாலே பட்டை நேராகி, அதற்கும் கீழே போய் எதிர்ப்பக்கம் வளையும். பள்ளத்தில் விழுந்தால் ஆக்சில் போய் சேசிஸின் அடியில் உள்ள தடுப்பு ரப்பரில் இடிக்கும். இதெல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பது வேறொன்று. பின்பக்கம் உட்காரும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது ஸ்டியரிங் லேசாகி, வண்டி நாம் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளியே தள்ளும். இரவில் டிம்மில் வைத்திருந்தாலும் ஹெட்லைட் வெளிச்சம் மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

பட்டை தளர்வதற்கு வயதும் லோடும் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். என் வண்டியில் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. நீலகிரியில் கேத்தி பக்கம் கேரட்டை மெஷினில் கழுவி, ஈரம் காயாமல் மூட்டை பிடித்து ஏற்றுவார்கள். மேட்டுப்பாளையம் மண்டி வந்து சேரும்வரை பாடியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது நேராகப் பட்டைக் கட்டின் மேல்தான் விழுகிறது, கூடவே மண்ணும். ஏறும்போது கோழி எரு என்றால் அதில் உள்ள உப்பும் சேரும். பட்டைகளுக்கு நடுவே துரு பிடித்து, மேல்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் விழும். விரிசல் அந்தக் குழியில்தான் தொடங்கும். கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது பட்டையில், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டையை ஒட்டி முடி போல ஒரு கோடு ஓடியிருந்தது. அந்த இடத்தில் ஓட்டையால் இரும்பின் அகலமும் குறைகிறது, வளையும் விசையும் அதிகம். கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், முதலில் முறிவது அங்கேதான்.

பட்டறையில் மூன்று வழி சொன்னார்கள். பழைய பட்டையையே அடித்து வளைவு ஏற்றுவது, ஒரு பட்டை சேர்ப்பது, முழுக் கட்டையும் புதிதாகப் போடுவது. முதலாவது செலவு குறைவு. ஆனால் குளிர்ந்த நிலையில் அடித்து ஏற்றிய வளைவு கொஞ்ச காலத்தில் திரும்ப இறங்கிவிடும். அடுப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்தால், அப்புறம் எண்ணெயில் குளிரவைத்து மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்த வேண்டும். அந்தப் பதம் தவறினால் பட்டை மென்மையாகி உட்காரும், இல்லை நொறுங்கும் குணம் வந்துவிடும். விரிசல் விட்ட பட்டைக்கோ இரண்டுமே ஆகாது.

இரண்டாவதுதான் நம் ஊரில் அதிகம் நடப்பது. அங்கிருந்த மூத்த மெக்கானிக்கும் அதையே சொன்னார். "கூட ஒரு பட்டை போட்டுக்கலாமுங்க. அரை டன் சேர்த்துத் தாங்கும்ங்க."

"எனக்கு லோடு கூட்ட வேண்டாமுங்கண்ணா. இப்ப ஏத்தற லோடுக்கு வண்டி நேரா நின்னாப் போதும்" என்றேன். அதன்பிறகு அவர் பேசியதெல்லாம் உருப்படியான பேச்சு.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். பட்டையின் விறைப்பு எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில்தான் கூடும். ஒரே கனத்தில் ஐந்து இருந்த இடத்தில் ஆறு போட்டால், விறைப்பு அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். சேர்ப்பது குட்டைப் பட்டை என்றால் அதைவிடக் குறைவு. கனம் அப்படியில்லை. கனத்தை அதே கனத்தால் இரண்டு முறை பெருக்கும் கணக்கில் (கனம் × கனம் × கனம்) விறைப்பு ஏறும். அகலமும் நீளமும் மாறாமல் 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் போட்டால் கனம் கூடியது கால் பங்கு, விறைப்போ ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். "கொஞ்சம் திக்கா போடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால், காலி வண்டி ஓட்ட முடியாத அளவுக்கு எகிறும். கனத்தை அளந்து கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது இதுதான்: மெயின் கட்டு முழுக்கப் புதிது, கனம் பழைய அளவே. கீழே உள்ள ஹெல்பர் பட்டை மட்டும் ஒரு படி கனமானது. ஹெல்பர் லோடு ஏறி வண்டி இறங்கிய பிறகுதான் தொட்டு வேலை செய்யும், ஆகவே காலி வண்டியின் ஓட்டம் கெடாது. இரண்டாவது பட்டையின் முனை, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள மெயின் பட்டையின் முனை வளையத்தைச் சுற்றி வரும்படியான கட்டாகக் கேட்டு வாங்கினேன். மலையில் மெயின் பட்டை முறிந்தாலும் ஆக்சில் இடம்விட்டு ஓடாமல் அது பிடிக்கும். ஒருபக்கம் மட்டும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருபக்கம் புதிது, மறுபக்கம் தளர்ந்தது என்றால் வண்டி சாய்ந்தே ஓடும், செய்யாதீர்கள்.

யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ், பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் பின் எல்லாம் புதிது. பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை முறுக்கியதில் அது இழுபட்டிருக்கும், அதே பிடிப்பு மறுபடி கிடைக்காது. புதிதையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் லோடோடு நிறுத்தி முறுக்கிப் பார்க்க வேண்டும். என் வண்டியில் நான்கும் கொஞ்சம் கொஞ்சம் ஏறின. பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது இது நடப்பதுதான்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பிரேக் பற்றி. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போய், ஒரு சின்ன வால்வில் சேரும். லோடு சென்சிங் வால்வு என்பார்கள். லோடு ஏறி வண்டி இறங்கினால் அந்தக் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் குறைக்கும், இல்லையென்றால் ஈர ரோட்டில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். இப்போது யோசித்துப் பாருங்கள். பட்டையை மாற்றி உயரத்தை ஏற்றிவிட்டோம். முழு லோடு இருந்தும் வண்டி முன்போல இறங்குவதில்லை. வால்வுக்கு எடை தெரியாது, உயரம் மட்டும்தான் தெரியும். அது வண்டியைப் பாதிக் காலி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழு வேலையும் முன் பிரேக்கின் தலையில். கோத்தகிரி வழியாக லோடோடு இறங்கும் வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. முன் பிரேக் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். பட்டறையில் இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், பட்டை அவர்கள் வேலை, பிரேக் வேறொருவர் வேலை. நான் பட்டை மாற்றிய கையோடு பிரேக் பார்ப்பவரிடம் போய், வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொன்ன முறைப்படி அந்தக் கம்பியின் அளவைத் திருத்தி வைத்தேன். உங்கள் வண்டியில் இந்த வால்வு இருக்கிறதா என்று பட்டை வாங்கும் முன்பே குனிந்து பாருங்கள்.

லோடோடு ஓட்டம் எப்படி என்றால், மனதார நல்லது என்பேன். வளைவில் ஸ்டியரிங் கையில் நிற்கிறது. ரப்பர் இடிக்கும் சத்தம் போய்விட்டது. பின் டயரின் தேய்மானம் சீராக இருக்கிறது. எதிரே வருபவர்கள் லைட் அடித்துக் காட்டுவதும் நின்றது. காலியாக ஓட்டும்போதுதான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மெயின் கட்டின் கனம் பழையதே என்றாலும், தளர்ந்த பட்டைக்குப் பழகிய உடம்புக்குப் புதுப்பட்டை விறைப்பாகத்தான் தெரியும். வேகத்தடையில் பின்பக்கம் ஒருமுறை எம்பி அடங்கும் இடத்தில் இரண்டு முறை எம்பியது. பழைய ஷாக் அப்சார்பரால் புதுப்பட்டையின் திருப்பி அடிக்கும் விசையைப் பிடிக்க முடியவில்லை. அதையும் மாற்றிய பிறகு சரியானது. பட்டைக்குப் பட்ஜெட் போடும்போதே ஷாக்கையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காலி வண்டியில் முதல் கியரில் கிளம்பும்போது கீழே ஒரு லேசான நடுக்கம். பின்பக்கம் உயர்ந்ததால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறுவதுதான் காரணம். லோடில் இல்லை, வேகம் எடுத்தாலும் இல்லை. வளைவு கொஞ்சம் படிந்ததும் தானாகக் குறைந்துவிட்டது. நடுக்கம் நிற்காவிட்டால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்துவார்கள்.

பராமரிப்பில் நான் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். கேரட் லோடு இறக்கியதும் பட்டைக் கட்டின் மேல் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கழுவி விடுகிறேன். மூட்டைக்குக் கீழே தார்ப்பாயை, தண்ணீர் பின்கதவுப் பக்கம் வழியும்படி விரிக்கிறேன். பட்டைக்குக் கழிவு ஆயில் அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அது ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், மண்ணையும் இழுத்து ஒட்டும். கழற்றும்போது நடுவில் கிராஃபைட் கிரீஸ் தடவுவது போதும்.

அரை டன் கூட ஏற்றலாமே என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டை தாங்கும், சரி. ஆக்சில், பேரிங், டயர், பிரேக், பட்டையைப் பிடித்திருக்கும் ஹேங்கர் எல்லாம் பழைய எடைக்கே செய்தவை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையும் பட்டை மாற்றியதால் மாறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். அந்த லோடோடு மலை இறங்குவதை நினைத்தால் அபராதம் பெரிதே இல்லை.

இப்போதைய நிலவரம்: வலதைவிட இடது பக்கம் விரல் அளவு இறங்கியிருக்கிறது. ரோட்டின் இடது ஓரம் சரிவாக இருப்பதால் அந்தப் பக்கம் எடை அதிகம் விழுகிறது, இந்த அளவு வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. ஷாக்கிள் புஷ் தேய்ந்து கீச்சென்று சத்தம் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. அடுத்த மழைக்கு முன்னால் புஷ்ஷை மட்டும் மாற்றப் போகிறேன், பட்டையில் கை வைக்கும் அவசியம் இன்னும் வரவில்லை.