திரும்பத் திரும்பப் படிப்பதா, மூடிவிட்டு நினைவுகூர்வதா?

தேர்வு நெருங்கும்போது பலருக்கும் வரும் குழப்பம் இது: பாடத்தை நாலு தடவை படிப்பதா, ஒரு தடவை படித்துவிட்டு நமக்கு நாமே கேள்வி கேட்டுப் பார்ப்பதா?

சுலபம்
மறுபடி படிப்பதுதான். கண் பாட்டுக்கு வரிகளில் ஓடும்.
நினைவுகூர்வது கஷ்டம். வெள்ளைத்தாளில் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே பேனா நின்றுவிடும். சொல் நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. அந்தத் திணறல்தான் பாடத்தைப் பதிய வைக்கிறது.

நம்பிக்கை
மனம் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். பழகிய வரியைப் பார்த்ததும் ‘இது தெரியும்’ என்று தோன்றிவிடும். பார்த்து அடையாளம் காண்பது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. தேர்வு கேட்பது பெரும்பாலும் இரண்டாவதை.

நிலைப்பு
ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனை 2006இல் வெளியானது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்தவர்களுக்கு நினைவிருந்தது 81 சதவீதம். நினைவுகூர்ந்து பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து மறுபடி படித்தவர்களுக்கு 42, நினைவுகூர்ந்தவர்களுக்கு 56. அப்படியே தலைகீழ்!

யாருக்கு எது?
இன்னும் பத்து நிமிடத்தில் தேர்வா? புரட்டிப் பாருங்கள், போதும். பாடமே புரியவில்லை என்றாலும் முதலில் படிக்கத்தான் வேண்டும். வாரக்கணக்கில் மனதில் நிற்க வேண்டுமென்றால் தயங்காமல் புத்தகத்தை மூடுங்கள். எழுதி முடித்ததும் கட்டாயம் சரிபாருங்கள். தப்பாக எழுதியதுகூட அப்படியே பதிந்துவிடக்கூடும்.