ப்ரீ-லாஞ்ச், ரெரா நம்பர் உள்ள ப்ராஜெக்ட், கட்டி முடிச்ச ஃப்ளாட்: எதுல உங்க பணத்துக்கு பிடிமானம் இருக்கு?

ஃப்ளாட் தேட ஆரம்பிச்சா மூணு விதமாத்தான் வரும். ரெராவுல (ரியல் எஸ்டேட் ப்ராஜெக்டுகளை ஒழுங்குபடுத்துற சட்டம், அதுக்கான அரசு ஆணையம்) பதிவு ஆகுறதுக்கு முன்னாடியே கம்மி ரேட்டுன்னு சொல்லி செக் வாங்குற ப்ரீ-லாஞ்ச், ரெரா நம்பரோட கட்டிட்டு இருக்கிற ப்ராஜெக்ட், கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் (கட்டி முடிச்சாச்சுங்கிற அரசு சான்று) வாங்கி சாவி கொடுக்க ரெடியா இருக்கிற வீடு. எல்லாரும் ஸ்கொயர் ஃபீட் ரேட்டைத்தான் ஒப்பிடுறாங்க, ஆனா பில்டர் எதையெல்லாம் உங்ககிட்ட சொல்லியே ஆகணும், சொன்னபடி நடக்கலைன்னா உங்க கைல என்ன இருக்குங்கிறதையும் பாக்கணும்.

ப்ரீ-லாஞ்ச் வேண்டவே வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து. 2016 ரெரா சட்டம் 3வது பிரிவுப்படி பதிவு பண்ணாம விளம்பரம் பண்ணவும் கூடாது, புக்கிங் வாங்கவும் கூடாது (ரொம்ப சின்ன ப்ராஜெக்டுக்கு விலக்கு இருக்கு, 500 சதுர மீட்டர், 8 வீடுன்னு வரம்பு). மீறினா ப்ராஜெக்டோட மதிப்பிட்ட செலவுல 10% வரைக்கும் அபராதம். அதனாலதான் புக்கிங்னு சொல்லாம 'எக்ஸ்பிரஷன் ஆஃப் இன்ட்ரஸ்ட்'னு (வாங்க விருப்பம் இருக்குன்னு) ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்குறாங்க. ப்ளான் அப்ரூவ் ஆச்சா, எத்தனை மாடி, எப்ப முடியும், எதுவும் எழுத்துல இல்ல, நாளைக்கு புகார் பண்ணப் போனா எந்த வாக்கை மீறினாங்கன்னு காட்ட ஒரு ரசீது மட்டும்தான் மிஞ்சும்.

ரெரா நம்பர் வந்துட்டா கதையே வேற. அப்ரூவ்டு ப்ளான், நிலம் யாருக்குச் சொந்தம்ங்கிற டைட்டில், அது மேல இருக்கிற கடன், கார்பெட் ஏரியா (வீட்டுக்குள்ள புழங்குற இடம்), முடிக்கிற தேதி எல்லாம் ரெரா சைட்ல ஏத்தணும், மூணு மாசத்துக்கு ஒருமுறை அப்டேட்டும் பண்ணணும். வாங்குறவங்க கட்டுற பணத்துல 70% தனி அக்கவுண்ட்ல போகணும், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சிஏ (ஆடிட்டர்) மூணு பேரும் வேலை நடந்திருக்குன்னு சர்டிஃபை பண்ணாத்தான் எடுக்க முடியும். பதிவு பண்ணின அக்ரிமெண்ட் இல்லாம 10%க்கு மேல கேக்கக் கூடாது. ப்ரோஷர்ல பொய் சொல்லி வித்திருந்தா பணத்தை வட்டியோட திருப்பிக் கேக்கலாம்.

அக்ரிமெண்ட்ல வட்டி பத்தின ஷரத்தை மட்டும் நிதானமா படிங்க. 2019ல பயோனியர் அர்பன்ங்கிற பில்டர் வழக்குல சுப்ரீம் கோர்ட் முன்னாடி வந்த அக்ரிமெண்ட்ல, வாங்குறவர் லேட்டா கட்டினா 18% வட்டி, பில்டர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தா வெறும் 9%. இப்படி ஒருதலைப்பட்சமா எழுதினது நியாயமில்லாத வணிக நடைமுறைன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ரெராவும் ரெண்டு பேருக்கும் ஒரே ரேட்னுதான் சொல்லுது, உங்க அக்ரிமெண்ட்ல வித்தியாசம் இருந்தா கையெழுத்துக்கு முன்னாடியே மாத்தச் சொல்லுங்க.

இதுலயும் ரிஸ்க் இருக்கு. ரெராவுல ரீஃபண்ட் ஆர்டர் கிடைச்சாலும் பில்டர் கட்டலைன்னா, அரசாங்கம் நிலவரி பாக்கியை வசூல் பண்ற மாதிரிதான் அதை வசூல் பண்ணணும், அதுக்கு அலையணும். பில்டர் திவாலானா இன்னும் இழுக்கும்.

ரெடி வீட்டுல அந்த பயம் கிடையாது. கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வந்த பிறகு வாங்கினா ஜிஎஸ்டியும் இல்ல, கட்டுமானத்துல இருக்கும்போது 5% (45 லட்சத்துக்குள்ள வர்ற அஃபோர்டபிள் வீட்டுக்கு 1%). கண்ணால பாத்து வாங்கலாம், ஆனா ரேட் கூட, நல்ல மாடி நல்ல திசையெல்லாம் போயிருக்கும். சாவி வாங்கின நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டமைப்புல குறை தெரிஞ்சு சொன்னா 30 நாள்ல சரி பண்ணித் தரணும்ங்கிற உரிமை, பில்டர்கிட்ட வாங்கினா ரெரா ப்ராஜெக்ட், ரெடி வீடு ரெண்டுக்குமே உண்டு.

வாடகையும் இஎம்ஐயும் சேத்து கட்ட முடியாதவங்க கொஞ்சம் கூட போனாலும் ரெடி வீட்டுக்கே போங்க. காத்திருக்க முடியும்னா ரெரா ப்ராஜெக்ட், அதுவும் நாலஞ்சு மாடி எழும்பினது. ஒண்ணு மட்டும் விடாதீங்க, சேல்ஸ் ஆள் வாயால சொல்ற தேதி, ரெரா சைட்ல இருக்கிற தேதி, அக்ரிமெண்ட்ல இருக்கிற தேதி மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஏன்னா லேட் ஆனா ரெரா சட்டம் 18வது பிரிவுல மாசா மாசம் வட்டியோ முழுப் பணமோ கேக்குறப்போ முதல்ல எடுத்துப் பாக்குறது அக்ரிமெண்ட் தேதியைத்தான்.